குவார்ட்டர்ஸ் வரட்டும், வரத்துக்கால் எங்கே போகும்?

சிவகங்கை மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகர் வக்கீலான எனக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களும் இங்கே இல்லை. கடிதத்தின் சாரம் இது:

“எங்கள் ஊர் சில வருடங்களுக்கு முன் தாலுகா தலைமையிடம் ஆனது. தாசில்தார் ஆபீஸ், கருவூலம், கோர்ட் எல்லாம் வந்துவிட்டன. இப்போது அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டப் போகிறார்களாம். ஆறு பிளாக், ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடியும், மொத்தம் 96 வீடு. ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கும் ஊருணிக்கும் நடுவில் இருக்கிற நாலு ஏக்கர் பொட்டலில்தான் வருகிறது. வெயில் காலத்தில் ஆடு மாடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் உபரித் தண்ணீர் அந்தப் பொட்டல் வழியாகத்தான் ஊருணிக்கு வந்து சேரும், அதுதான் வரத்துக்கால். மேலத்தெரு ஜனங்கள் சுடுகாட்டுக்குப் போவதும் அது வழியாகத்தான். இரண்டு மாதத்துக்கு முன் மண் பரிசோதனைக்குத் துளை போட்டுவிட்டுப் போனார்கள். அரசு நிலம், அரசு கட்டுகிறது, யாரும் கேட்க முடியாது என்கிறார் எங்கள் வார்டு கவுன்சிலர். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை, கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தவில்லை. அதனால் இது சட்டவிரோதம்தானே? கிராம சபையில் தீர்மானம் போட்டால் நிறுத்த முடியுமா? ஸ்டே கிடைக்குமா? இளவட்டங்கள் ஜேசிபியை மறிக்கத் தயாராக இருக்கிறார்கள். என் மகன் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான், அவன்தான் முன்னால் நிற்கிறான். வெளியூர்க்காரர்கள் நானூறு பேர் வந்து இறங்கினால் ஊரின் கட்டுக்கோப்பு என்ன ஆகும் என்ற கவலையும் உண்டு. இன்னொன்று, எனக்கு நாலு வீடு வாடகைக்கு இருக்கிறது. நல்ல குடும்பம் என்று பார்த்து வாத்தியார்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் விட்டிருக்கிறேன். அந்த வருமானமும் போய்விடும்.”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று வழக்குகள் ஒரே கட்டாகக் கட்டிக் கிடக்கின்றன. முதலாவது தண்ணீர் வழக்கு. இரண்டாவது, அந்த நிலத்தைப் புழங்கி வருகிறவர்களின் வழக்கு. மூன்றாவது உங்கள் வாடகை. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் கால் ஊன்ற இடம் இருக்கிறது. மூன்றாவதை அவற்றோடு சேர்த்தால் முதல் இரண்டும் கெடும். அதனால் சங்கடமான அந்த மூன்றாவதையே முதலில் பேசிவிடுகிறேன்.

அந்த நாலு வீடு

பொதுநல வழக்குப் போடுகிறவர், இதில் எனக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். உங்களுக்கு நாலு வாடகை வீடு இருப்பது ஊருக்கே தெரியும். அரசு வழக்கறிஞரின் பதில் மனுவில் அது இரண்டாவது பத்தியிலேயே வந்துவிடும். அதன் பிறகு நீதிபதியின் மனதில் ஊருணி பின்னுக்குப் போய் உங்கள் வீடுகள்தான் நிற்கும். இதை மறைக்கச் சொல்லவில்லை. நீங்கள் மனுதாரராக நிற்காதீர்கள் என்கிறேன். யார் நிற்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாடகைக்கு ஆள் வராமல் போய்விடுமோ என்ற பயம் சட்டம் காக்கிற உரிமை ஆகாது. குவார்ட்டர்ஸில் குடியேறுகிற ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி நின்றுவிடும் என்பதால், கையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியில் இருக்கவே விரும்புகிறவர்களும் உண்டு. உங்கள் வீடுகள் நாலும் பூட்டிக் கிடக்கும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை.

‘நல்ல குடும்பம் என்று பார்த்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். சின்ன ஊர்களில் வீடு தேடி அலைந்த அரசு ஊழியர்கள் பலர் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். நைட் டூட்டி பார்க்கிற பெண் காவலர், தனியாக வந்த செவிலியர், கறி சமைப்பீர்களா என்று கேட்கப்பட்டுத் திரும்பியவர், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து விசாரிக்கப்பட்டவர். சாதியைக் கேட்டு வீடு மறுக்கிற ஊர்களில், அந்தக் கேள்வியைக் கேட்காமல் சாவி கொடுக்கிற இடம் அரசுக் குடியிருப்பு ஒன்றுதான். அதனால் குவார்ட்டர்ஸே வேண்டாம் என்று ஒரு வரி உங்கள் மனுவில் இருந்தால், நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். வெளியூர்க்காரர்கள் பற்றிய பத்தியையும் அடித்துவிடுங்கள். தாலுகா ஆபீஸ் வேண்டும், தாசில்தார் மட்டும் வேண்டாம் என்பது எந்த மன்றத்திலும் எடுபடாது. வீடு வரட்டும், அந்த இடத்தில் வேண்டாம் என்பதுதான் உங்கள் ஊரின் வழக்கு.

அந்தப் பொட்டல் என்ன நிலம்?

‘அரசு நிலம், யாரும் கேட்க முடியாது’ என்று கவுன்சிலர் சொன்னதில் முன்பாதி சரி. புறம்போக்கும் நீர்நிலைகளும் அரசுக்குச் சொந்தம் என்று 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. பின்பாதி தவறு. நீர்நிலை அரசின் கையில் இருப்பது மக்களுக்கான நம்பிக்கைச் சொத்தாகத்தான் என்பதை 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பியாஸ் நதியோரத்தில் ஒரு தனியார் விடுதிக்கு நிலம் கொடுத்த விவகாரம் அது. 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பை விசாரிக்கப் போய், மாநிலத்தின் நீர்நிலைகள் அனைத்தையும் மீட்கச் சொன்னது. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபின் ஒரு கிராமக் குட்டையை மேடாக்கி வீடு கட்டியவர்களைக் காலி செய்யச் சொன்ன உச்ச நீதிமன்றம், பணம் கட்டினால் முறைப்படுத்தலாம் என்று மாநில அரசு கொடுத்த அனுமதியும் செல்லாது என்றது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். மூன்றிலும் எதிர்த்தரப்பில் நின்று நிலத்தை அனுபவித்தவர்கள் தனியார். உங்கள் வழக்கில் கட்டப் போவது அரசு. பொது நோக்கம் என்பார்கள். ஜக்பால் சிங் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகைக்கு விட்ட நிலம், ஏற்கெனவே பள்ளியோ மருத்துவமனையோ வேறு பொதுப் பயன்பாடோ நிற்கிற நிலம். அரசுத் தரப்பு இந்த வரியைத்தான் தூக்கிக்கொண்டு வரும். அப்போது ‘ஏற்கெனவே’ என்ற சொல்லில் விரலை வையுங்கள். உங்கள் பொட்டலில் இன்று ஒரு செங்கல்கூட இல்லை. அஸ்திவாரம் எழும்பிய பிறகு அந்தச் சொல் அவர்கள் பக்கம் போய்விடும். நேரம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் இதெல்லாம் அது நீர்நிலையோடு சேர்ந்த நிலம் என்று காகிதத்தில் காட்ட முடிந்தால்தான். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்கிற ‘அ’ பதிவேட்டின் நகலை இணையத்தில் எடுத்து இணைத்திருக்கிறீர்கள். அதில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் சோர்ந்துபோனது தெரிகிறது. சோர வேண்டாம், அது கதையின் கடைசி அத்தியாயம் மட்டும்தான். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லாரும் யூடிஆர் என்கிறார்களே அதில், எத்தனையோ வாய்க்கால்கள் தரிசாக மாறியிருக்கின்றன, எத்தனையோ தரிசுகள் யாருடைய பட்டாவாகவோ மாறியிருக்கின்றன. யூடிஆர் பிழை என்று சொல்லி வருகிற கட்சிக்காரர் இல்லாத வாரம் எனக்குக் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது அதற்கு முந்திய பதிவேட்டை.

உங்கள் பக்கம் ஜமீன் பூமி. 1948-ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில்தான் கண்மாய், ஊருணி, புறம்போக்கு எல்லாம் அரசிடம் வந்தன. அதன் பிறகு நடந்த செட்டில்மெண்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு வகை எழுதினார்கள். அந்த செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் பழைய கிராம வரைபடத்திலும் உங்கள் பொட்டல் என்னவாக இருக்கிறது? ‘வாய்க்கால்’, ‘ஓடை’, ‘ஊருணி’, ‘கண்மாய் உள்வாய்’, ‘மேய்க்கால்’ என்று எந்தச் சொல் இருந்தாலும் வழக்கின் முகமே மாறும். மேய்க்கால் என்று மட்டும் இருந்தால் வழக்கு சற்று இளைக்கும். ஏனென்றால் ஈடாக வேறு நிலம் காட்டி மேய்க்காலை வகைமாற்றம் செய்கிற நடைமுறை வருவாய்த் துறையில் உண்டு. நீர்வழியை அப்படி இன்னோர் இடத்தில் ஈடு காட்ட முடியாது. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் போகும்.

எந்தக் கண்மாய் என்பதும் முக்கியம். நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். துறையின் கண்மாய் என்றால் 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும், ‘டேங்க் மெமோயர்’ என்ற பழைய குறிப்பேடும் இருக்கும். முழுக் கொள்ளளவில் நீர் எதுவரை நிற்கும், கலுங்கு எத்தனை அடி, உபரி எந்தப் பக்கம் போகும் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். உபரி நீர் உங்கள் பொட்டல் வழியே ஊருணிக்கு என்று அதில் ஒரு வரி கிடைத்தால், நான் வாதாட வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்துவிடும்.

சர்வே எண்ணை உட்பிரிவோடு சரிபாருங்கள். வக்கீலாகி மூன்றாவது வருடத்தில் ஒரு குட்டையைக் காப்பாற்றப் போய், உட்பிரிவைத் தவறாகக் குறித்து, பக்கத்துக் களத்துமேட்டுக்கு இடைக்காலத் தடை வாங்கியவள் நான். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

அனுமதி பற்றி நீங்கள் நம்புகிறவை

சுற்றுச்சூழல் முன்அனுமதி வாங்கவில்லை என்பதை உங்கள் பிரம்மாஸ்திரமாக வைத்திருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், அது உதவாது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கைப்படி, கட்டுமானத்துக்கு அந்த அனுமதி தேவைப்படுவது கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொடும்போதுதான். உங்கள் 96 வீடுகளில், படிக்கட்டு, நடைவழி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 75 சதுர மீட்டர் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 7,200 சதுர மீட்டர்தான் வரும். ஒரே வளாகத்தில் கோர்ட் கட்டடமும் தாலுகா அலுவலகமும் சேர்த்துத் திட்டமிட்டுத் துண்டு துண்டாக ஒப்பந்தம் விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். அப்படியென்றால் எல்லாப் பரப்பையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பும் அப்படித்தான். அனுமதி தேவைப்படும் அளவுக்குப் பெரிய கட்டடம் என்றாலும், அதே அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த விலக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் இருக்கிற சட்டத்தைத்தான் சொல்ல முடியும்.

சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிகளை உங்கள் மகன் எடுத்துக் காட்டியிருக்கிறார். 2017-ஆம் வருட விதிகளைப் படித்தால், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளுக்கு அந்த விளக்கத்திலேயே இடமில்லை. கண்மாயும் ஊருணியும் நம் முன்னோர் வெட்டியவை, ஆகவே வெளியே. தேடிப் பிடித்த பிள்ளையைப் பாராட்டுங்கள். ஆனால் மனுவில் அது வேண்டாம்.

கிராம சபை என்பது கிராம ஊராட்சிக்குத்தான். உங்களுடையது பேரூராட்சி, அங்கே 2022-ல் நடைமுறைக்கு வந்த பகுதி சபைதான் உண்டு. அதன் தீர்மானம் கட்டுமானத்தை நிறுத்தாது. ஆனால் ஊர் எப்போது, என்ன சொல்லி எதிர்த்தது என்பதற்கு அது தேதியிட்ட சாட்சி. வாய்ப்பை விடாதீர்கள்.

நானூறு பேரின் கழிவுநீர்

உங்கள் எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் இது. என்னைக் கேட்டால் வழக்கின் கனமான பகுதியே இதுதான்.

96 வீட்டில் சுமார் நானூறு பேர். நகரங்களுக்கான குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஆக 54,000 லிட்டர். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு, அது 43,000 லிட்டருக்கு மேல். உங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. அப்படியென்றால் செப்டிக் டேங்க். அந்தத் தொட்டி கசடைத்தான் பிடித்து வைக்கும், தண்ணீர் அன்றாடம் வெளியே வரும். உறிஞ்சுகுழி வெட்டுவார்கள். கண்மாய்க் கரையோரக் களிமண் கோடையிலேயே நிதானமாக உறிஞ்சும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பொங்கி வழிவது பள்ளம் பார்த்துப் போகும், பள்ளத்தில் இருப்பது ஊருணி. கசடை எடுக்க லாரி வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இருப்பது போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையம் உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் உண்டா? பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஒப்பந்தக்காரருக்கு இப்போதே நினைவூட்டுங்கள்.

மழைக் கணக்கையும் போடுங்கள். நாலு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர். இன்று அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், மீதி ஊருணிக்குப் போகும். நிலத்தை இரண்டடி மேடாக்கி சிமெண்ட் தளம் போட்டால் அது யார் வீட்டு வாசலுக்குப் போகும்? மேலத்தெரு பள்ளத்தில் இருப்பதாக உங்கள் வரைபடமே சொல்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பார்கள். நாலு குழாயும் ஒரு குழியும் மொட்டைமாடித் தண்ணீருக்கு. மேலிருந்து வருகிற கலுங்குத் தண்ணீருக்கு அது பதில் ஆகாது.

இந்தக் கேள்விகளுக்கு இன்னொரு பயன் உண்டு. இடத்தை மாற்ற முடியாமலே போனாலும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், வரத்துக்காலுக்கு முழு அகலத்தில் இடம், மேடாக்கும் உயரத்துக்கு வரம்பு என்று நிபந்தனைகளையாவது வாங்க இவைதான் பிடி. முழு வெற்றியை மட்டும் குறிவைத்துக் கடைசியில் வெறுங்கையோடு திரும்பிய ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வரியில் தாண்டிப் போனீர்கள்

‘மேலத்தெரு ஜனங்கள் சுடுகாட்டுக்குப் போவதும் அது வழியாகத்தான்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். சுற்றுச்சுவர் எழும்பினால் அவர்கள் பாடையை எந்த வழியாகத் தூக்கிப் போவார்கள்? கடைத்தெரு வழியாகவா? அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நானும் அந்தப் பக்கத்துக்காரிதான்.

மனுவில் முதல் பெயர் மேலத்தெருக்காரர் ஒருவருடையதாக இருக்கட்டும். அடுத்தது ஊருணித் தண்ணீர் எடுக்கிற பெண்கள், ஆயக்கட்டுதாரர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள். நீர்ப்பாசனச் சங்கம் இருந்தால் அதுவும். பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நீங்கள் பதிவேடு தேடுகிற வேலையையும் பஸ் காசையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்தத் தெருவுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். மனு எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

என்ன வரிசையில் செய்வது

முதலில் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகம், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், கட்டுமானத்தைச் செய்கிற துறை, பேரூராட்சி நான்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ‘ஏன் கட்டுகிறீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல், புல வரைபடம், நில மாற்றக் கோப்பு, நீர்வளத் துறையின் தடையின்மைக் கடிதம், மனைப்படம், மொத்தக் கட்டடப் பரப்பு, கழிவுநீர்த் திட்டம். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நீர்வளத் துறையின் கடிதம் இல்லை என்று பதில் வந்தால், அதுவே உங்கள் கையில் கிடைத்த நல்ல ஆவணம்.

பதிலுக்குக் காத்திருக்கிற நாளிலேயே திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அதில் மாற்று இடத்தையும் சொல்லுங்கள். பழைய பயணியர் விடுதிக்குப் பின்னால் ஓடு சரிந்து, பாம்பு அடைந்து கிடக்கிற பழைய குவார்ட்டர்ஸ் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அது எத்தனை ஏக்கர்? அங்கே மாடி கட்டினால் எத்தனை வீடு தேறும்? எதிர்ப்பைவிட இந்தக் கணக்குத்தான் அதிகாரிகளை யோசிக்க வைக்கும். அங்கும் விவரமாக இருங்கள். டெல்லியில் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டக் கிளம்பியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டுவதாக இருந்தது. 2018-ல் ஜனங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற பிறகு உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. உங்கள் பழைய குவார்ட்டர்ஸிலும் வேம்பும் புளியும் நிற்கும். எது நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே படத்தில் குறித்துக் கொடுங்கள். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை.

அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றம். நிலத்தின் வகை, நில மாற்றம், பாதை பற்றியதெல்லாம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவாக. (அந்தக் கிளை நிற்கிற இடத்தின் பெயரே உலகனேரி. ஏரியைப் பற்றி ஏரிப் பெயருள்ள இடத்தில்தான் முறையிட வேண்டியிருக்கிறது.) கழிவுநீரால் நீர் மாசுபடும் என்ற பகுதியைச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் எழுப்பலாம். கட்டணம் ஆயிரம் ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசவும் முடியும். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள், அதோடு கதவு மூடிவிடும். மண் பரிசோதனைக்குத் துளை போட்ட நாளையே தொடக்கமாக வைத்து எண்ணுவது பத்திரம். இரண்டு மாதம் போய்விட்டது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் போட்டால் இரண்டிலும் திட்டு விழும். உங்கள் காகிதங்களைப் பார்க்கும்வரை, மதுரைதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டே கிடைக்குமா என்றால், பழைய பதிவேட்டில் நீர்வழி என்று இருந்து, வேலை தொடங்காமலும் இருந்தால் நல்ல வாய்ப்பு. வெறும் ‘பெரியவர்கள் சொல்கிறார்கள்’ என்றால் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பி நாலு வாரம் தள்ளி வைப்பார்கள், அந்த நாலு வாரத்தில் அஸ்திவாரம் எழும்பிவிடும்.

ஜேசிபி மறிப்பு வேண்டாம். அரசு ஊழியர் பணி செய்வதைத் தாக்கியோ பலம் காட்டியோ தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 132-ஆவது பிரிவில் ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டால் போதும், அது ஜாமீனில் விட முடியாத குற்றம். எஸ்.ஐ. தேர்வு எழுதுகிற பையன் காவல் சரிபார்ப்புப் படிவத்தில் அதை மறைக்கவும் முடியாது, சொன்னாலும் வருடக்கணக்காக இழுக்கும். மறியலுக்கு முன்னால் நிற்கிற பையன்களில் யாருக்கு வேலை போகும், யாருக்குப் போகாது என்று நீங்களே ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்த இன்ஜினியர் எத்தனை வாங்கினார் என்று எழுதியிருப்பதையும் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத அந்த ஒரு வரி, ஆதாரம் உள்ள உங்கள் மொத்த வழக்கையும் கோள்மூட்டுகிறவர்களின் பேச்சாக்கிவிடும்.

துடிப்பாக இருக்கிற அந்த இளவட்டங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து கலுங்கு பாய்கிற அன்று, குடையோடு நாலு பேர் போய் நிற்கட்டும். கலுங்கிலிருந்து ஊருணி வரைக்கும் தண்ணீர் போகிற தடத்தை ஒரே ஓட்டமாக, வெட்டாமல், தேதியும் நேரமும் இடமும் பதிவாகும்படி செல்போனில் படம் எடுக்கட்டும். முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிப் போகட்டும். தண்ணீர் பொட்டலுக்குள் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் ஒரு கம்பை ஊன்றி, எத்தனை அடி அகலம், எத்தனை அங்குல ஆழம் என்று அளந்து எழுதட்டும். அந்தப் படமும் தகவல் உரிமைப் பதில்களும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். வரும்போது மேலத்தெருவிலிருந்து ஒருவரையும் அழைத்து வாருங்கள்.